மமோகிராம்: அந்த அறைக்குள் என்ன நடக்கும்?

என் மாமிக்கு மமோகிராம் எடுக்கச் சொல்லி டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்த அன்று, அவர் அதை மடித்து கிளினிக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, மூன்று கிழமை யாரிடமும் மூச்சு விடவில்லை. களுவாஞ்சிகுடியில் இருக்கும் 52 வயதுப் பெண், கோயில் திருவிழாவுக்கு நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவர், சாதாரணமாக எதற்கும் பயப்படாதவர். கடைசியில் நான் தோண்டித் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார்: "கட்டியெண்டும் பயம்தான் புள்ள, ஆனா அதவிட அந்த அறைக்குள்ள வெச்சி என்ன செய்வாங்களோ எண்டுதான் நெஞ்சு பதறுது."

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். அந்த அறைக்குள் நடப்பதை நிமிடம் நிமிடமாக யாராவது முதலே சொல்லியிருந்தால் மாமி அந்த மூன்று கிழமையை வீணாக்கியிருக்க மாட்டார். அதனால் மாமியோடு போனதையும், பிறகு நானே எடுத்ததையும், தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் வெளிப்படையாகத்தான் எழுதுவேன், ஏனென்றால் இந்த விசயத்தை நாம் மறைத்து மறைத்துப் பேசியே நிறைய இழந்துவிட்டோம். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் சிகிச்சையும் இலகு, பிழைக்கும் வாய்ப்பும் மிக அதிகம்.

சரி, மமோகிராம் என்றால் என்ன? மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே. அவ்வளவுதான். கை முறிந்தால் எடுக்கும் எக்ஸ்ரே மாதிரித்தான், ஆனால் மார்பகம் எலும்பில்லாத மென்மையான சதை என்பதால் அதற்கென்றே செய்த தனி மெசின், குறைந்த அளவு கதிர். படுக்க வைத்து குழாய்க்குள் தள்ளுவது இதில் இல்லை, அது வேறு ஸ்கேன். ஊசி இல்லை, மருந்து ஏற்றுவதில்லை, வெறும் வயிற்றோடு போக வேண்டியதும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

அந்தப் படத்தில் என்ன தெரியும் என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் பிறகு வரும் பல விசயங்கள் தானாகப் பிடிபடும். மார்பகத்துக்குள் முக்கியமாக இருப்பது கொழுப்பும், பால் சுரக்கும் சுரப்பிகளும், அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும். எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாக, சாம்பலாகத் தெரியும், சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால் புற்றுநோய்க் கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். வயது போகப் போக சுரப்பிகள் சுருங்கி அந்த இடத்தில் கொழுப்பு கூடும், அதனால் பொதுவாக வயதான பெண்களின் படத்தில் வெள்ளைக் கட்டி பளிச்சென்று தெரிந்துவிடும். இளம் வயதில் முழுவதும் அடர்த்தியான வெள்ளை, அதற்குள் ஒரு கட்டியைத் தேடுவது தயிர்ச்சட்டிக்குள் விழுந்த தேங்காய்ச் சொட்டைத் தேடுவது மாதிரி. அதனால்தான் இளம் பிள்ளைகள் கட்டி என்று போனால் டொக்டர்மார் பெரும்பாலும் மமோகிராமுக்கு முதல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். "எனக்கு மட்டும் ஏன் மமோகிராம் எழுதவில்லை" என்று குழம்ப வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது.

கட்டியைத் தவிர இன்னொன்றும் படத்தில் தெரியும்: உப்புத் தூவினது மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். அவை சுண்ணாம்புப் படிவுகள். பெரும்பாலும் ஒரு தீங்கும் இல்லாதவை, ஆனால் சில வகைப் புள்ளிகள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அது மிக ஆரம்ப கட்டப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். இதைக் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே ஏலாது. 1913ல் ஜெர்மனியில் அல்பேர்ட் சாலமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அறுவை செய்து எடுத்த ஆயிரக்கணக்கான மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதே இந்தப் புள்ளிகளைக் கண்டிருக்கிறார். ஒரு அக்கா என்னிடம் "நான் கல்சியம் குளிசை போடுறன், அதனாலயா இது?" என்று கேட்டார். இல்லை, குளிசைக்கும் பாலுக்கும் நெத்தலிக்கும் இதோடு ஒரு தொடர்பும் இல்லை.

யார் எப்போது எடுக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 71வது பிறந்தநாள் வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடிதம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் 40 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று 2024ல் பரிந்துரைத்தார்கள். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற நம் சொந்தங்கள் போனில் "எனக்குக் கடிதம் வந்தது, நீ எடுத்தியா" என்று கேட்பது இதனால்தான். நம் நாட்டில் எல்லாப் பெண்களையும் அப்படி மமோகிராமுக்குக் கூப்பிடும் ஏற்பாடு இல்லை. இங்கே முதல் படி கை. மாதம் ஒருமுறை நாமே நம் மார்பகத்தைத் தடவிப் பார்ப்பது (20 வயதிலிருந்தே), அப்புறம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக், அதுதான் வெல் வுமன் கிளினிக் என்று சொல்வோமே, அது. 1996ல் தொடங்கிய திட்டம் அது, குறிப்பாக 35 வயதிலும் 45 வயதிலும் உள்ளவர்களைத் தேடிக் கூப்பிடுவார்கள், இலவசம். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் எந்தக் கிழமை என்று சொல்வார். மாமிக்கும் அங்கேதான் கையால் பார்க்கும்போது ஏதோ தட்டுப்பட்டது, அங்கிருந்துதான் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள்.

அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், உங்களுக்கு முன்கூட்டியே சோதனை தொடங்க வேண்டி வரலாம். அதற்காக "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல" என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது, இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. கட்டி, காம்பு உள்ளே இழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர், தோல் தோடம்பழத் தோல் மாதிரித் தடித்துக் குழி விழுதல், அக்குளில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தால் வயதைப் பார்க்க வேண்டாம், கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். நேரே ஓபிடிக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ அம்பாறைப் பொது வைத்தியசாலையிலோ காட்டி மமோகிராமுக்குத் துண்டு எழுதி வாங்கலாம். கொழும்பில் பிள்ளைகளோடு போய்த் தங்குகிறவர்களுக்கு நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் அரச நிலையம் ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம். இது ஆண்களுக்கும் வரும் நோய், இந்த நோய் வருகிற நூறு பேரில் ஒருவர் அளவில் ஆண். மார்பில் கட்டி வந்தால் வாப்பாவும் அப்பாவும்கூடக் காட்டத்தான் வேண்டும்.

இனி ஆயத்தம். மாதவிடாய் நிற்காதவர்கள் திகதியை மாதவிடாய் முடிந்த அடுத்த கிழமைக்குக் கேட்டு வாங்குங்கள், மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் மார்பு கனத்து நோவும், அந்த நோவோடு மெசினில் வைத்தால் இன்னும் நோகும். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் போவதற்குக் கொஞ்சம் முன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்று பவுடர் போடக் கூடாது. வாசனை ஸ்ப்ரே, அக்குளுக்குப் பூசும் ரோல் ஓன், கிரீம், எதுவும் மார்பிலும் அக்குளிலும் கூடாது. அவற்றில் இருக்கும் துகள்கள் படத்தில் நான் முன்பு சொன்ன உப்புப் புள்ளிகள் மாதிரியே தெரியும், பிறகு இல்லாத ஒன்றுக்காக உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். நம் ஊர்ப் பெண்கள் இதில் விழுவது எப்படியென்றால், இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்குப் போய் இறங்கி, விடிய ஒரு சொந்தக்காரர் வீட்டில் குளித்து, பழக்கதோசத்தில் கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் பவுடரைக் கொட்டிக்கொள்வது. மாமியின் கையிலிருந்து டின்னை நான் பறித்தேன். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா, பரவாயில்லை, ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுப்பவரிடம் சொல்லுங்கள்.

இடுப்புக்கு மேலே மட்டும்தான் உடுப்பைக் கழற்ற வேண்டும். அதனால் மெக்சி, நீளக் கவுன் போன்ற ஒரே துண்டு உடுப்பு வேண்டாம், சட்டையும் பாவாடையும் போட்டால் கீழ்ப்பாதி மூடியே இருக்கும், மனசுக்கும் அது பெரிய ஆறுதல். சேலையும் பரவாயில்லை. அபாயா போடும் ராத்தாமார் உள்ளே ஒரு சட்டையும் பாவாடையும் போட்டுக்கொண்டு போனால் அபாயாவையும் சட்டையையும் மட்டும் கழற்றினால் போதும், பாவாடை அப்படியே இருக்கும். தலைத்துணியைப் பின்னால் ஒதுக்கி வைக்கலாம், ஆனால் ஊசிகளைக் கழற்றிவிடுங்கள், அவை படத்தில் விழும்.

தாலிக்கொடி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீளக் கொடி மார்பின் மேல் தொங்கினால் படத்தில் விழும், கழற்றச் சொல்வார்கள். மாமா உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றுவதா என்று மாமி அந்த வாசலில் நின்று தயங்கியதை நான் மறக்க மாட்டேன், அவருக்கு மெசினை விட அதுதான் பாரமாக இருந்தது. கண்ணில் ஒற்றி, லேஞ்சியில் முடிந்து என் கையில் தந்துவிட்டுத்தான் உள்ளே போனார். முதல் நாளே வீட்டில் இதைப் பேசி மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள், நம்பிக்கையான ஒரு பெண்ணை உடன் கூட்டிப் போங்கள், கழற்றவே மனமில்லை என்றால் முதுகுப் பக்கம் தள்ளிவிடலாமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த அறை. மெசின் ஆளுயரத்துக்கு நிற்கும், நடுவில் ஒரு சின்னத் தட்டு, அதற்கு மேலே தெளிவான பிளாஸ்டிக்கில் இன்னொரு தட்டு. படம் எடுக்கும் ரேடியோகிராஃபர் உங்களைத் தட்டுக்கு முன்னால் நிற்க வைத்து, ஒரு மார்பகத்தைத் தன் கையால் தூக்கிக் கீழ்த்தட்டில் வைத்து, இழுத்து ஒழுங்குபடுத்துவார். ஆம், தொடுவார். அப்படித் தொட்டுச் சரியாக வைக்காவிட்டால் நெஞ்சோடு ஒட்டிய பகுதி படத்தில் விழாது. பிறகு மேல்தட்டு மெல்ல இறங்கி மார்பகத்தை அழுத்தும். அழுத்தம் நன்றாகவே இருக்கும். மூச்சைப் பிடிக்கச் சொல்வார், மெசின் ஒரு சத்தம் போடும், தட்டு தானாக மேலே போய்விடும். அந்த இறுக்கம் சில விநாடிகள், கூடிப்போனால் பத்துப் பதினைந்து விநாடி. இப்படி ஒவ்வொரு மார்பகத்துக்கும் இரண்டு படம்: ஒன்று மேலிருந்து கீழாக, மற்றது மெசினைச் சாய்த்துப் பக்கவாட்டாக, அதற்குக் கையைத் தூக்கி மெசினின் பிடியைப் பிடிக்க வேண்டும், அக்குள் பக்கமும் சேர்ந்து விழ வேண்டும் என்பதற்காக. ஆக நான்கு படம். சில புது மெசின்களில் தலைப்பகுதி உங்களைச் சுற்றி வில் மாதிரி நகர்ந்து பல படங்களை எடுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. உடுப்பு மாற்றுவதிலிருந்து வெளியே வருவது வரை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், லைனில் காத்திருப்பதுதான் பெரிய நேரம்.

ஏன் இப்படி நசுக்க வேண்டும்? உருண்டையாக இருக்கிற கோதுமை மாவை ரொட்டியாகத் தட்டினால் உள்ளே கிடக்கும் ஒரு சின்னக் கல்லும் தெரியும் அல்லவா, அதே கதைதான். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற திசு விரிந்து பிரியும், ஒன்றின் நிழலில் மற்றது ஒளியாது. சதை மெல்லிசாக இருந்தால் குறைந்த கதிர் போதும். அசையாமலும் இருக்கும், படம் கலங்காது. நசுக்குவதால் மார்புக்குக் கேடு வராது, கட்டி இருந்தால் அது உடைந்து பரவும் என்று சொல்வதும் பிழை.

நோகுமா? ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு முதல் படம் நெருக்கியது, சாய்வாக எடுத்தபோது அக்குள் பக்கம் உண்மையாகவே நொந்தது, தட்டு விலகினவுடன் போய்விட்டது. மாமி "இவ்வளவுதானா" என்று கேட்டார். சிலருக்குக் கொஞ்ச நேரம் சிவந்து இருக்கும், சிலருக்கு ஒரு நாள் நோவு இருக்கும், ஒரு பரசிட்டமோல் போதும். பொறுக்க ஏலாமல் இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், நிறுத்துவார்கள். பல்லைக் கடித்துத் தாங்குவது நமக்குப் பழகிப்போன ஒன்று, ஆனால் நோவில் உடம்பு விறைத்தால் படமும் சரியாக வராது, தோளைத் தளர்த்தி நில்லுங்கள்.

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ வேறு சிங்களப் பகுதி வைத்தியசாலைக்கோ போகிறவர்கள் நாலு சொல்லைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள், மாமிக்கு இதைத்தான் பஸ்ஸில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். "ஹுஸ்ம அல்லகன்ன" என்றால் மூச்சைப் பிடி. "ஹெலவென்ன எப்பா" என்றால் அசையாதே. "ரிதெனவா" என்றால் நோகுது, இது நீங்கள் சொல்ல வேண்டியது. இந்தச் சொற்கள் விளங்காமல் மூச்சு விட்டு, அசைந்து, படத்தைத் திரும்ப எடுக்க வைப்பதைவிட இது நல்லது. எடுப்பவர் பெண்தானா என்று முதலே கேட்பதில் தவறில்லை. ஆணாக இருந்தால், ஒரு பெண் மிஸ்ஸி உள்ளே நிற்க வேண்டும் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

கதிர்வீச்சால் புற்றுநோய் வந்துவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நாம் சும்மா இருந்தாலும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் கொஞ்சம் கதிர் நம்மேல் பட்டுக்கொண்டேதான் இருக்கும். நான்கு படமும் சேர்ந்த ஒரு மமோகிராமின் அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய ஏழு கிழமை இந்த உலகத்தில் சும்மா இருந்தால் படும் அளவு. வேண்டிய வயதில், வேண்டிய காரணத்துக்காக எடுப்பவருக்கு இதில் கிடைக்கும் நன்மை அந்தச் சிறிய ஆபத்தைவிடப் பல மடங்கு பெரியது.

படம் எடுத்தவர் முகத்தைப் பார்த்து முடிவு தேடாதீர்கள். அவர் எடுப்பவர் மட்டும், படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது கதிரியக்க நிபுணர். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், அதில் பைராட்ஸ் (BI-RADS) என்று போட்டு ஒரு எண் இருக்கும், வீட்டில் படித்த பிள்ளையிடம் அதைத் தேடச் சொல்லுங்கள். 0 என்றால் இந்தப் படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, இன்னொரு படமோ ஸ்கேனோ, பழைய படமோ வேண்டும். பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், இது நான் நேரில் பார்த்த தவறு. 1 என்றால் சந்தேகப்பட எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கில்லாதது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கில்லாதது, நூறில் இரண்டுக்கு மேல் சந்தேகம் இல்லை, ஆனாலும் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4 என்றால் சந்தேகம், ஊசியால் சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். 5 என்றால் புற்றுநோயாக இருக்க மிக அதிக வாய்ப்பு. 6, முன்பே சோதனையில் உறுதியானவர்களுக்குப் போடுவது. 4 வந்த எல்லோருக்கும் புற்றுநோய் என்று இல்லை, துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

திரும்பக் கூப்பிட்டால்? மாமியைக் கூப்பிட்டார்கள். ஏன் என்று அந்த இடத்தில் ஒருவரும் விளக்கவில்லை, அன்று இரவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிறகுதான் படித்தேன், இங்கிலாந்தில் எடுக்கும் நூறு பேரில் நாலு பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், அந்த நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். இது அங்கே ஒரு நோவும் இல்லாமல் வழக்கமான சோதனைக்குப் போகிறவர்களின் கணக்கு, கட்டியோடு போகிறவர்களுக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் கூப்பிட்டதாலேயே முடிவு அதுதான் என்று நினைக்கத் தேவையில்லை என்பது விளங்கும். மாமிக்கு அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள், வெறும் நீர்க்கட்டி.

மறுபக்கமும் உண்டு. மமோகிராம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது, எட்டுப் புற்றுநோயில் ஒன்று அளவுக்கு அதன் கண்ணில் தப்பிவிடும், குறிப்பாக அடர்த்தியான மார்பகத்தில். ஆகவே படம் நல்லது என்று வந்தும் கையில் கட்டி தட்டுப்படுகிறது என்றால், "ரிப்போர்ட் நல்லம்தானே" என்று விடாமல் திரும்பப் போய்க் கையை வைத்துக் காட்டுங்கள்: இங்கே, இந்த இடத்தில்.

கடைசியாக அந்தப் பெரிய உறை. படம் பிலிமாகவோ சீடியாகவோ தருவார்கள், அதை மடிக்காமல், ஈரம் படாத இடத்தில் வையுங்கள், வெள்ளம் வரும் காலத்தில் அடையாள அட்டை, காணி உறுதியோடு சேர்த்து உயரத்தில் வையுங்கள். அடுத்த முறை எங்கே எடுத்தாலும் அதையும் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன் இந்தப் புள்ளி இருந்ததா, அன்று எவ்வளவு பெரிது என்று நிபுணர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், பழையதில் அதே அளவில் இருந்தால் பல நேரம் திரும்பக் கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். மாமியின் உறை இப்போது அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, அதன் முதுகில் அடுத்த திகதியைத் தன் கையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.